மலையேற்றத்தில் இழுக்காத கார்

சிறிய காரின் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இழுவை குறைவதற்குக் காரணங்கள் பல. அவற்றை ஐந்து வகைக்குள் அடக்கிவிடலாம்: பெட்ரோல் போதிய அளவு வராதது, தீப்பொறி தவறுவது, காற்று உள்ளே வரவோ புகை வெளியே போகவோ வழியில்லாதது, சூடோ கணினியோ என்ஜினைக் கட்டிப்போடுவது, பிறந்த சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேராதது. சமவெளியில் இந்தக் குறைகள் பல நாள் வெளியே தெரியாமல் இருக்கும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கோ, ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கோ ஜவ்வாது மலை ஏறும்போது தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார், 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போக, ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 11 குதிரைத்திறன் வேண்டும். 800 சிசி என்ஜினுக்குச் சொல்லப்படும் 40, 50 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 6,000 சுற்றையொட்டிக் கிடைப்பது. 2,000 சுற்றில் ஏறும்போது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கையில் இருக்கும். அதிலும் கொஞ்சம் குறைந்தால் வண்டி நின்றுவிடும்.

பலர் முதலில் உயரத்தின் மேல் பழி போடுவார்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத என்ஜினின் சக்தியும் அந்த அளவுக்கே குறையும். அதுவும் ஏற ஏறச் சிறுகச் சிறுக நடப்பது. ஒரு கொண்டை ஊசி வளைவில் நன்றாக ஏறிய கார் அடுத்த வளைவில் திணறினால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

முதலில் பெட்ரோல். இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் அடிமட்டத்தில் இருக்கும்போது செங்குத்தான சரிவிலும் வளைவிலும் அது ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுத்துவிடும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் பம்ப் தளர்ந்திருந்தாலும் குறி ஒன்றே: நின்ற இடத்தில் என்ஜின் சீராக ஓடும், ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தால் முக்கும், காலை எடுத்தால் தேறும். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து, பம்ப் உறிஞ்சும் அடிப்பகுதியில் தங்கும். பெட்ரோல் போட்ட சிறிது நேரத்தில் தொல்லை தொடங்கினால் இதைச் சந்தேகிக்கலாம். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 போன்ற வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: என்ஜின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் வண்டி மறுபடி கிளம்பும்.

இரண்டாவது தீப்பொறி. சிறிய கார்கள் பலவற்றில் மூன்று சிலிண்டர்தான். ஒரு பிளக்கோ காயிலோ கைவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சக்தி போய்விடும். செத்த சிலிண்டரையும் மற்ற இரண்டும் இழுத்தாக வேண்டும். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்வது இதைத்தான். வண்டி முழுதும் உதறும். பழுதான காயில் குளிர்ந்திருக்கும்போது வேலை செய்து, சூடேறியதும் மக்கர் செய்யும். விரிசல் விட்ட பிளக் வயர் மழையிலும் பனிமூட்டத்திலும் மின்சாரத்தைக் கசியவிடும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் உடனே ஓரங்கட்டுவது நல்லது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும்.

உருகிய கன்வெர்ட்டர் மூன்றாவது வகைக் கோளாறுக்கு வழிவிடும். புகை வெளியேற முடியாவிட்டால் புதுக் காற்று உள்ளே வர இடமிருக்காது. மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. சுற்று கூடக் கூட என்ஜின் திக்குமுக்காடும். காற்று வரும் பக்கத்தில், தூசி படிந்த ஏர் ஃபில்டர் மெல்ல மெல்லத்தான் பலத்தைக் குறைக்கும்; தண்ணீரில் நனைந்த ஃபில்டரோ ஒரேயடியாகக் குறைத்துவிடும். டர்போ உள்ள வண்டியில் ஹோஸ் கழன்றால் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு இழுவை பாதியாகும். டீசல் என்றால் கரும்புகையும் சேர்ந்து வரும்.

நான்காவது, சூடும் கணினியும். தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறும்போது ரேடியேட்டரில் எதிர்க்காற்று அதிகம் படாது. கூலன்ட் குறைந்தாலோ ஃபேன் சுற்றாவிட்டாலோ சூடு ஏறி இழுவை தளரும். அதற்குமேலும் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மின்னணு ஆக்சிலரேட்டர் உள்ள கார்களில் பெடலின் இரு சென்சார்களும் வெவ்வேறு அளவு காட்டினால், கணினி பாதுகாப்புக்காகச் சக்தியை வெட்டிவிடும். என்ஜினை நிறுத்தி மறுபடி போட்டதும் சரியாகி, பிறகு திரும்ப வந்தால் இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசி வகையில் என்ஜின் மேல் குற்றமே இல்லை. என்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை, கருகிய நாற்றம் வருகிறது என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. ஹாஃப் கிளட்சிலேயே மலையேறும் பழக்கம் இதைச் சீக்கிரம் கொண்டுவரும். ஒரு சக்கரம் மட்டும் தொடமுடியாத அளவு சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். ஏ.சி.யும் சில குதிரைத்திறனைத் தின்னும். ஏற்றத்தில் அதை நிறுத்தினாலே சில வண்டிகள் தேறிவிடும்.

ஏற்றத்தில் என்ஜின் நின்றுவிட்டால், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும்; பிறகு பெடல் இறுகும், ஸ்டியரிங்கும் கனக்கும். அதனால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே பிடியாக மிதித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்குக் கீழ்ப்புறம் கல் வைக்க வேண்டும். நான்கு விளக்குகளையும் மின்னவிட வேண்டும்.

மெக்கானிக்கிடம் ‘இழுக்கவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் பிளக்கிலிருந்து பம்ப் வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார், பில் நீளும். உதறியதா, முக்கியதா, வெறுமனே இரைந்ததா, சூடான பிறகா, பெட்ரோல் போட்ட பிறகா, விளக்கு மின்னியதா என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். கணினியை ஸ்கேன் செய்து பார்க்கும் முன் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.