மூணு டப்பாவா, ஒரு கம்பியா?

"ஏல, ஒன் வாய் அப்படியே நிக்கு. என்ன சொல்லுதேன்னே வெளங்கலையே?"

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா இப்படிக் கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அம்மாவுக்குக் காது மந்தம். வாயசைவைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வார். வீடியோ உறைந்தால் நமக்குப் படம் மட்டும்தான் போச்சு. அம்மாவுக்குப் பேச்சே போச்சு.

இத்தனைக்கும் முன் ரூமில் உட்கார்ந்து பேசினால் பிரச்சினையே இல்லை. ஆனால் அம்மாவுக்கு என் மூஞ்சியைவிட மருமகள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதுதான் முக்கியம் :-) தங்கமணி போனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுச் சமையலறைக்குப் போவார். அங்கே போனதும் படம் செத்துவிடும்.

"மெஷ் வைஃபை வாங்குங்க அத்தான், மூணு டப்பா செட்டு, வீடு பூரா பறக்கும்" என்றான் சென்னையில் இருக்கும் மச்சினன். விலை இருபதாயிரத்துக்கு மேல். அவன் சொன்னது தப்பில்லை, அவன் ஊருக்கு. நான் இருப்பது கேம்பல் பேயில். கிரேட் நிக்கோபார் தீவு. சென்னையைவிட சுமத்ரா பக்கம். இந்த ஊருக்கு மெஷ் வாங்குவது வேறு கணக்கு. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் கேள்வி: கோளாறு எங்கே? வீட்டுக்குள்ளா, வெளியிலா?

இங்கே நெட் வருவதே ஒரு பெரிய கதை. முன்பெல்லாம் தீவுகளுக்கு செயற்கைக்கோள்தான் பெரும் துணை. சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்கணும். கேள்வி போய் பதில் வர அரை செகண்டுக்குக் குறையாது. பிறகு சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டார்கள். 2018 டிசம்பர் 30-ல் அடிக்கல், 2020 ஆகஸ்ட் 10-ல் தொடக்கம். சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், வாய் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறது), அங்கிருந்து ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கடைசியாக எங்கள் கிரேட் நிக்கோபார் என்று போகிறது. நடுவில் லாங் ஐலண்டும் ரங்கத்தும் உண்டு.

கடலுக்கடியில் இத்தனை தூரம் ஒழுங்காக வந்த சிக்னல், என் வீட்டுச் சமையலறைக்குப் போக முடியாமல் தகரச் சுவரில் முட்டி நிற்கிறது. இதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆனால் "தகரம்தான் காரணம்" என்று நானாக முடிவு செய்துவிடவில்லை. மடிக்கணினியைக் கேபிள் போட்டு நேராகப் பெட்டியில் சொருகி, சாயங்காலம் ஏழு மணிக்கு, அதாவது ஊரே நெட்டில் இருக்கும் நேரத்தில், வேகம் பார்த்தேன். வீடியோவில் பேச இரண்டு மூன்று எம்பிபிஎஸ் தாராளம். அதைவிட நன்றாகவே வந்தது. அடுத்து சமையலறையில் நின்று ரவுட்டருக்கே பிங் அடித்தேன். நாலில் ஒன்று திரும்பி வரவில்லை. ஆக, கோளாறு வீட்டுக்குள்.

மக்களே, பணத்தை எடுப்பதற்கு முன் இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்யுங்கள். கேபிள் சொருகியே வேகம் வரவில்லை என்றால் மூன்று டப்பா வைத்தாலும் முப்பது டப்பா வைத்தாலும் வராது. குழாயில் தண்ணீரே இல்லாதபோது வீட்டுக்குள் நாலு பைப் போட்டு என்ன பயன்?

இரண்டாவது: மெஷ் டப்பாக்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

பெட்டி மேல் போட்டிருக்கும் பெரிய பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரண இரண்டு பேண்ட் மெஷ்ஷில், டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடுவே உள்ள பேச்சும் டப்பாவுக்கும் உங்கள் போனுக்கும் நடுவே உள்ள பேச்சும் ஒரே ரேடியோவில்தான் ஓடும். ஒரு தாவலுக்கு வேகம் ஏறக்குறைய பாதி. மூன்றாவது டப்பா இரண்டாவதிடம் வாங்கிக் கொடுத்தால் இன்னும் குறையும். இதற்காகத்தான் மூன்று பேண்ட் மெஷ் வந்தது, டப்பாக்கள் பேசத் தனி வழி. நல்லதுதான். ஆனால் அதுவும் காற்றில்தான் வரணும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சாதாரணச் சுவருக்கே திணறும். தகரத்தைக் கண்டால் திரும்பி ஓடிவிடும். 2.4 கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் தகரத்துக்கு முன்னால் அதுவும் பெரிய வீரன் இல்லை.

ஆகவே என் கட்சி இதுதான்: இரண்டு டப்பா, நடுவில் ஒரு ஈதர்நெட் கம்பி. கேட்-6 கம்பி 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட்டை அலுக்காமல் சுமக்கும். தகரத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. உத்தரத்தை ஒட்டி வீட்டுக்குள்ளேயே 18 மீட்டர் இழுத்தேன். ஒரு சாயங்கால வேலை, ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. "சுவத்துல பாம்பு மாதிரி என்னது இது" என்றார் தங்கமணி. அந்த ஒரு குறை உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

"அப்படின்னா மெஷ் எதுக்கு, ரெண்டு பழைய ரவுட்டர் போதுமே?" என்று கேட்பீர்கள். உட்கார்ந்து பேசுகிறவருக்குப் போதும். நடந்துகொண்டே பேசினால், பழைய ரவுட்டரை விட்டுவிட போனுக்கு மனசு வராது. செத்த சிக்னலையே பிடித்துத் தொங்கும். விடுவதும் பிடிப்பதும் கடைசியில் போன் எடுக்கிற முடிவுதான். ஆனால் நல்ல மெஷ், 802.11 கே, வி, ஆர் என்ற மூன்று ஏற்பாடுகளால் "பக்கத்தில் இன்னொருவன் இருக்கிறான், அங்கே போ" என்று சொல்லும், தாவுவதையும் சீக்கிரம் முடிக்கும். என் வீட்டில் பிரச்சினையே முன் ரூமிலிருந்து அடுப்படிக்கு நடப்பதுதான். அதனால் மெஷ்.

மூன்றாவது, தீவுக்காரர்களுக்கு மட்டும்.

திருப்பிக் கொடுக்கும் வசதி நமக்குக் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். "பத்து நாளில் ரிட்டர்ன்" என்பான். ஆனால் பெட்டி கப்பல் ஏறித்தான் போய் வரணும். நான் லீவில் போன நண்பரிடம் சொல்லி வாங்கிவரச் செய்தேன்.

செயலி வழியாக, அதுவும் நெட் இருந்தால்தான் திறக்கும் மெஷ் வேண்டவே வேண்டாம். கடலுக்கடியில் கேபிள் அறுந்தால் உங்கள் வீட்டு ரவுட்டரையே உங்களால் தொட முடியாது. பிரவுசரில் உள்ளூர் முகவரி போட்டுத் திறக்கிற மாடலாகப் பாருங்கள்.

12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள். இங்கே கரண்ட் டீசல் ஜெனரேட்டர் புண்ணியம். போய் வரும். போனால் ரவுட்டர் மறுபடி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிஷம். அதற்குள் அம்மா "சரி, வச்சிட்டான் போல" என்று போய்விடுவார். 12 வோல்ட் என்றால் கைக்கடக்கமான மினி யுபிஎஸ் போதும். மோடத்துக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று.

மச்சினனுக்கு இன்னும் வருத்தம்தான். "கஞ்சத்தனம் அத்தான்" என்கிறான். இருக்கட்டும். விளம்பரம் விற்பது வேகத்தை. எனக்கு வேண்டியிருந்தது வேகமில்லை, நடுவில் நிற்காத இருபது நிமிஷம். அதற்கு மூன்றாவது டப்பா தேவைப்படவில்லை.

போன ஞாயிறு தங்கமணி பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போனார். படம் நிற்கவில்லை. அம்மா உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீன் கொழம்பு நெறம் சரியில்லையே. புளி பத்தாது, இன்னுங் கொஞ்சம் கரைச்சு ஊத்து."

தங்கமணி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், பழைய ரவுட்டரே தேவலாமோ என்று தோன்றியது.

டிஸ்கி: தகரம் இல்லாத, ஒரே ஹாலும் ஒரு ரூமும் உள்ள வீடு என்றால் இதெல்லாம் எதுவும் வேண்டாம். ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து நடுவீட்டில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். காசு மிச்சம் :-)