சுவருக்குத் தெற்கே, சுவருக்கு வடக்கே

கோடை விடுமுறை தொடங்கியதும் பத்திரிகை இணைப்பிதழ்களில் புதுச்சேரி வந்துவிடும். கடற்கரைச் சாலையில் ஒரு நாளைக் கழிப்பது எப்படி என்று காலை முதல் இரவு வரை கட்டம் போட்டுக் கொடுப்பார்கள். இந்த வாரம் கண்ணில் பட்ட அப்படியொரு பட்டியலைப் படித்ததிலிருந்து பத்தியாளருக்கு மனம் ஆறவில்லை. எங்கே காபி குடிப்பது, எந்த மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுப்பது, எந்தத் தெருவில் தங்குவது எல்லாம் அதில் இருந்தன. கடல் ஒரு வரியில் வந்துபோனது. மணலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பகல் 12 மணிக்குப் பிள்ளைகளோடு காந்தி சிலையடியில் நிற்கும்படியும் யோசனை சொல்லியிருந்தார்கள். மே மாத வெயிலில், மரமில்லாத சாலையில்! சரியான திட்டத்தைச் சொல்லிவிடலாம்.

புதுச்சேரி கிழக்கு பார்த்த ஊர். விடியும் முன்பே சாலைக்கு வந்துவிட வேண்டும். மாலை 6 மணிக்கு நிறுத்தப்படும் வண்டிப் போக்குவரத்து மறுநாள் காலை 7.30-க்குத்தான் திறக்கும். அதுவரை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் சாலையும் நடப்பவர்களுக்கே சொந்தம். 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், தெற்குக் கோடியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் சிலை எல்லாவற்றையும் வெயில் ஏறுவதற்குள் நிதானமாகப் பார்த்துவிடலாம். வெயில் ஏறியதும் உள்ளே போய்விட வேண்டும். பாரதி பூங்காவின் மரங்களும் அருங்காட்சியகமும் 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகமும் அதற்காகவே பக்கத்தில் இருக்கின்றன. 1908 முதல் பத்தாண்டுகள் இந்த ஊரில் இருந்த பாரதி குடியிருந்த வீடு ஈசுவரன் கோயில் தெருவில் இருக்கிறது. கடற்காற்று வீசிய பிறகு, ஐந்து மணி வாக்கில் மறுபடி கரைக்கு வரலாம்.

இந்தத் திட்டத்தோடு ஒரு புத்தகமும் கையில் இருக்க வேண்டும். அது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த பிள்ளை, 1736-ல் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறப்பதற்குச் சில காலம் முன்புவரை எழுதினார். அவர் காலமாகி எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகு, 1846-ல், அரமான் கலுவா மோம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கையெழுத்துப் படிகளைக் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் பன்னிரண்டு தொகுதிகள். எழுத்தாளர் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’ நாவலை எழுப்பியதும் இந்த நாட்குறிப்பின் மீதுதான்.

போர், பஞ்சம், சாதிச் சண்டை, ஆளுநர் மனைவியின் தலையீடு என்று அதில் இல்லாதது இல்லை. ஆனாலும் கடற்கரையில் உட்கார்ந்து படிக்கிறவரை இழுப்பவை, அதில் திரும்பத் திரும்ப வரும் கப்பல் செய்திகள். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் இறங்கினார்கள் என்று பிள்ளை விடாமல் குறித்திருக்கிறார். அன்று அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சலங்குப் படகில் ஏறி, அலையைக் கடந்து கரைக்கு வரும். அந்தப் படகுகளில் பலகைகளை ஆணியால் அடிக்க மாட்டார்கள், கயிற்றால் தைப்பார்கள். அலை தூக்கிக் கரையில் போடும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். படகு வந்து தட்டிய அந்த மணல்தான் ஊருக்கு வாசற்படி. பிரெஞ்சு வணிகம் முழுவதும் அதன் மேல் ஏறித்தான் உள்ளே வந்தது.

இப்போது கடற்கரைச் சாலையின் பெரும்பகுதியில் அந்த வாசற்படி இல்லை. கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. வெளியூர்க்காரர்கள் அந்தக் கற்களைப் புதுச்சேரியின் இயல்பான அழகு என்றே நினைக்கிறார்கள். ‘ராக் பீச்’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கடற்கரை என்றால் கல்தான் என்று நம்பி ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

மணல் போன கதை நாற்பது வருடத்துக்கு உட்பட்டது. தமிழ்நாட்டின் இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் அலைகள் அதை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. அந்தப் பக்கத்தில் கரை அகன்றது. வடக்கே, நகரத்தின் முன்னால், இருந்த மணலை அலை எடுத்துக்கொண்டு போனது. அதன் இடத்தை நிரப்ப மணல் வரவில்லை.

இப்படி ஆகும் என்பது முன்பே தெரியாத செய்தியும் அல்ல. சென்னையில் 1870-களில் துறைமுகச் சுவர் எழுந்தபோதே இது நடந்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து விரிந்ததுதான் மெரினா. 1884-ல் சென்னை ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டுப் பெயரும் வைத்தார். வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் ஊருக்குள் ஏறியது. நூறு வருடப் பாடம் கண் முன்னால் இருந்தும் புதுச்சேரியில் அதே சுவர் எழுந்தது. சேரும் மணலை இயந்திரம் வைத்து வடக்கே கடத்திவிடுவது என்று திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை.

நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். 2004 சுனாமியின்போது பழைய நகரத்தின் முகப்பு தப்பியதில் அந்தக் கற்களுக்கும் பங்குண்டு என்பார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கல் கொட்டிய இடத்தோடு அரிப்பு நிற்கவில்லை, வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு குப்பமாகக் கரையை இழந்தது. சுற்றுலா வருபவருக்கு மணல் உட்காரும் இடம். மீனவருக்கு அது பட்டறை. கட்டுமரத்தையும் படகையும் ஏற்றி நிறுத்துவது அங்கேதான். வலை பொத்துவது, கருவாடு காயவைப்பது, மீனை ஏலம் விடுவது, கரைவலை இழுப்பது எல்லாம் அங்கேதான். மணல் போனால் கரைவலை என்ற தொழிலே போய்விடும். கல் மேல் நின்று யாரும் வலை இழுக்க முடியாது.

மகிழ்ச்சியான பகுதியும் இந்தக் கதையில் உண்டு. 2018-ல் சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், தலைமைச் செயலகத்துக்கு அருகே ஆப்பு வடிவ எஃகுப் பேழை ஒன்றைக் கடலுக்குள் இறக்கிச் செயற்கைத் திட்டாக அமர்த்தினார்கள். கரைக்கு வரும் அலையின் வேகத்தை அது தணித்தது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் செயலகத்தின் முன்னால் மணற்பரப்பு தெரிந்தது. கல்லையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தங்கள் ஊர்க் கடலில் முதல்முறையாகக் கால் நனைத்தார்கள்.

ஆகவே புதுச்சேரிக்கு ஒரு நாள் போகிறவர்கள் காலையில் துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினத்துக்குப் போய் அகன்ற மணலைப் பார்க்கலாம். மாலையில் வடக்கே தந்திராயன்குப்பம் வரை போய்க் கற்களையும் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். கற்களின் மேல் ஏறிக் கடலில் மட்டும் இறங்க வேண்டாம். பாசி வழுக்கும், இழுப்பும் அதிகம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. கடற்கரைச் சாலையில் எத்தனையோ அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. தெற்கே சேர்ந்த மணலில் இந்த ஆண்டு எத்தனை கன மீட்டரை வடக்கே கொண்டுவந்தார்கள், போன ஆண்டு எத்தனை என்று ஒரு பலகை, தமிழில், காந்தி சிலைக்கு அருகில் வைக்கட்டும். குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் அதே பலகை வேண்டும்.