டர்போ வண்டியும் டிரைவரின் சம்பளமும்

விடியற்காலை நான்கு மணி. பெங்களூர் ஸ்ரீராமபுரத்துச் சந்து ஒன்றில் வாடகை டீசல் கார் ஸ்டார்ட் ஆகிறது. டிரைவர் கண்ணாடியைத் துடைக்கிறார். சாமி படத்துக்குப் பூ வைத்து ஊதுவத்தி ஏற்றுகிறார். பத்து நிமிஷம் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கிறது. புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகிறது. பிறகு மணியைப் பார்த்துப் பதறிப்போய், தேவனஹள்ளி விமான நிலையத்தை நோக்கி ஒரே மிதியாக மிதித்துப் பறக்கிறார்.

சில மாதம் கழித்து டர்போ போய்விடுகிறது. செலவு பல ஆயிரம். "வண்டியைச் சூடாக்காமல் எடுத்தாய்" என்கிறார் முதலாளி. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் விழுகிறது. பத்து நிமிஷம் உறுமவிட்டவருக்கே இந்தப் பழி! ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது சரியாகத்தான் இருக்கிறது. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்து, அடுத்தவர் வண்டியை ஓட்டும் தொழிலாளி இந்த விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

டர்போ என்பது புது மாயம் அல்ல. ஸ்விட்சர்லாந்து எஞ்சினீயர் ஆல்பிரட் பூச்சி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1962-இல் இந்திய ரயில்வேக்கு வந்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினிலும் டர்போ உண்டு. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் கூடுதல் எண்ணெயை எரிக்கலாம். சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சின் போல இழுக்கும்.

காரில் உள்ள அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக் கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். டர்போவின் உயிர் ஆயிலில் இருக்கிறது.

மார்கழியில் பெங்களூரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். எஞ்சின் ஆயில் அப்படி உறையாது. ஆனாலும் இரவு முழுக்க நின்ற வண்டியில் கெட்டியாகத்தான் இருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சில விநாடிகளில் அது டர்போவுக்கு ஏறிவிடும். இதற்கு அரை நிமிஷம் போதும். பத்து நிமிஷம் தேவையில்லை.

அப்படியானால் பத்து நிமிஷப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் சோக்கை இழுத்து, எஞ்சின் கொஞ்சம் சூடானால்தான் வண்டி திக்காமல் நகரும். லாரியில் பிரேக்குக்குக் காற்று ஏறும் வரை நிற்க வேண்டும். லாரியில் கிளீனராக இருந்து தொழில் கற்றவர்கள் அந்தப் பழக்கத்தைக் காருக்கும் கொண்டு வந்தார்கள். அன்று அதில் நியாயம் இருந்தது. இன்றைய காரில் எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே அளந்து விடுகிறது.

அதோடு, சும்மா நிற்கும் டீசல் எஞ்சின் எளிதில் சூடாகாது. எரிவது கொஞ்சம், சூடும் கொஞ்சம். அரைகுறையாக எரிந்த கரி புகைப் பாதையில் படியும். எண்ணெயும் வீண். மணிக்கு முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிஷத்துக்கு 125 மில்லி. மாதம் 26 நாளுக்கு 3 லிட்டருக்கு மேல் போகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டாமா?

சரியான முறை சுலபம். ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரில் கால் வைக்கக் கூடாது. ஆயில் விளக்கு அணைந்து, எஞ்சின் சத்தம் சீராகும் வரை அரை நிமிஷம் பொறுக்க வேண்டும். பிறகு வண்டியை எடுத்து, முதல் நாலைந்து கிலோமீட்டர் மெதுவாகப் போக வேண்டும். மீட்டரில் சூடு ஏறிவிட்டதே என்று உடனே மிதிக்கக் கூடாது. அது காட்டுவது தண்ணீரின் சூடு. ஆயில் சூடாக இன்னும் சற்று நேரம் ஆகும்.

நிறுத்தும்போதும் அதே நிதானம் வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை ஒரே மூச்சில் ஏறி வந்து, ஓட்டல் வாசலில் பட்டென்று சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். கொதிக்கும் டர்போவில் தங்கிய ஆயில் கருகிக் கட்டியாகும். ஒரு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. ஊருக்குள் மெதுவாக வந்து சேர்ந்த வண்டிக்கு அதுவும் வேண்டியதில்லை.

இவ்வளவும் டிரைவரின் பொறுப்பு. முதலாளியின் பொறுப்பு என்ன? கம்பெனி புத்தகத்தில் சொன்ன ஆயிலை, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுவது அவர் வேலை. 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் ஆயில் சுலபமாக ஓடும். விலை மலிவு என்று கண்ட ஆயிலை ஊற்றினாலும், ஏர் பில்டரை மாற்றாமல் விட்டாலும் டர்போ கெடும். "ஐந்து நிமிஷம் தாமதம் ஆனால் டிரிப் கட்" என்று விரட்டினால், டிரைவர் எப்படி மெதுவாகப் போவார்?

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த விதி, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தொழிலாளியின் கவனக் குறைவால் நேரடியாக வந்த நஷ்டத்துக்குத்தான் பிடித்தம் செய்யலாம். அதற்கு முன் அவர் தன் பக்கத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் தர வேண்டும். டர்போ போனது என்பதற்காக மட்டும் டிரைவர் தலையில் கட்ட முடியாது.

ஆகவே டிரைவர்கள் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் பெயர், மாற்றச் சொல்லியும் மாற்றாமல் விட்ட நாள் ஆகியவற்றை அதில் எழுதி வர வேண்டும். நாலு வரி எழுத அரை நிமிஷம்தான் ஆகும். வண்டிக்குக் கொடுக்கும் அந்த அரை நிமிஷத்தை டிரைவர் தன் சம்பளத்துக்காகவும் கொடுக்கட்டும்.