பணத்துக்கு ஒரு தவணை, தோட்டத்துக்கு ஒரு தவணையா? எங்கள் நிலைப்பாடு

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தொழிலாளர்களோடு வேலை செய்யும் எங்கள் அமைப்பு இதைப் பகிரங்கமாகச் சொல்ல விரும்புகிறது: இந்த நாட்டில் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதை எட்டும் பாதை கையிலுள்ள பணத்தைப் பொறுத்து நீளுகிறது அல்லது குறுகுகிறது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. அந்தப் பாதையைச் சமப்படுத்துவது அரசின் கடமை.

2024 மே 21இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாயாக்கும் வர்த்தமானி வெளிவந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் உயர் நீதிமன்றம் சென்றன. ஜூலை 4ஆம் திகதி இடைக்காலத் தடை கிடைத்தது. பிறகு அரசாங்கமே அந்த வர்த்தமானியைக் கைவிட்டது. செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று புதிய வர்த்தமானி வந்தது. நீதியரசர்கள் மீது எங்களுக்குக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. 2021இல் 1,000 ரூபாய்ச் சம்பளத்தை எதிர்த்துக் கம்பனிகள் போனபோது மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்ததையும் நாங்கள் மறக்கவில்லை. எங்கள் கேள்வி காலத்தைப் பற்றியது. கம்பனியின் மனு சில வாரங்களிலேயே ஒரு கட்டளையாகிறது. சேமலாப நிதியோ சேவைக்காலப் பணமோ வராத ஒரு தோட்டத்துப் பெண் எத்தனை வருடம் அலைகிறாள்? அவள் ஒரு தவணைக்கு நுவரெலியா போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அந்த நாளின் சம்பளம் இல்லை. சட்டத்தரணிக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு. போனபின் வழக்கு ஒத்திவைப்பு. மூன்றாவது தவணையில் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிர்த்தரப்புக்கு வேண்டியதும் அதுதான்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அந்த நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. தோட்டத்து லய வீட்டில் இருப்பவருக்கு நடந்தது என்னவென்று விளங்கி, ஆள் தேடி, பணம் புரட்டும் முன்பே அந்த மாதம் முடிந்துவிடுகிறது.

பிணையும் இப்படித்தான். பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை. ஆனால் பிணையாளரின் வசதிக்கு ஆதாரமாகக் காணி உறுதி கேட்டால், தலைமுறை தலைமுறையாகக் கம்பனி லயத்தில் இருப்பவர் எந்த உறுதியைக் கொண்டுபோவார்? தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள் என்று சிறைச்சாலைகள் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களே காட்டிவருகின்றன.

மறுபக்கம் பாருங்கள். 2005இல் ராஜகிரிய ரோயல் பார்க் மாடிக்குடியிருப்பில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டாள். வசதியான குடும்பத்து இளைஞர் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 நவம்பரில், பதவியை விட்டுப் போகும் நேரத்தில், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். விடுதலையானவர் நாட்டை விட்டே போய்விட்டார். அந்த மன்னிப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது ஒரு பெண்கள் அமைப்பு. தீர்ப்பை மனமார வரவேற்கிறோம். ஆனால் அது வர நாலரை வருடமானது.

இனி எங்கள் பக்கம். 2021 ஜூலையில் மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த ஒரு சிறுமி, கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கிருந்த நிலையில், தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தாள். புதைத்த உடலைத் தோண்டியெடுத்து இரண்டாம் முறை பிரேத பரிசோதனை செய்ய வேண்டிவந்தது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். மலையகம் முழுக்கத் தெருவில் இறங்கியிராவிட்டால் அந்த விசாரணை எந்த வேகத்தில் போயிருக்கும் என்பதே எங்கள் கவலை.

நல்ல சட்டத்தரணி ஏழையின் பக்கம் நின்றால் என்ன நடக்கும் என்பதும் எங்கள் வரலாற்றில் இருக்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டபோது, விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். பொலிஸ் சொன்ன கதை குறுக்குக் கேள்விகளுக்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி ஒருவர் வந்து சேர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இனியும் இருக்கக்கூடாது.

ஆகவே கேட்கிறோம். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் எடுக்கும் நேரத்திலிருந்தே தமிழில் பேசும் இலவசச் சட்டத்தரணி வேண்டும். 1978 முதல் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அதற்கான ஆளும் பணமும் கொடுங்கள். 24ஆம் உறுப்புரை தரும் மொழிபெயர்ப்பு உரிமை ஒவ்வொரு தவணையிலும் நடைமுறையாகட்டும். 126ஆம் உறுப்புரையின் ஒரு மாதக் கெடு நீட்டப்பட வேண்டும். சேமலாப நிதி, சேவைக்காலப் பண வழக்குகளுக்குக் காலவரையறை வேண்டும். பொதுமன்னிப்பு எதுவானாலும் காரணத்தோடு முன்கூட்டியே பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். இறந்தவரின் குடும்பத்தைக் கேட்காமல் கையெழுத்து விழக்கூடாது.

சட்டம் மாறும்வரை தோட்டத்து உறவுகளுக்கு ஒன்று சொல்கிறோம். அரச அதிகாரியாலோ பொலிஸாலோ உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அங்கே விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றக் கெடுவில் சேராது. கொடுத்த கடிதத்தின் பிரதியைத் திகதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.