முடிவு வரும் நாளில்

2017-இல் தமிழக அரசு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. நல்ல முடிவு. ஆனால் அரசு நிறுத்திய ஒப்பீட்டை உறவினர்களின் தொலைபேசி விசாரிப்புகள் இன்றும் தொடர்கின்றன. இந்த விசாரிப்புகளுக்கு நடுவே, தேர்வில் தோற்ற பிள்ளையிடம் கனிவு காட்டினால் அலட்சியம் வளரும் என்று பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள். அந்தக் கவலை புரிகிறது, ஆனாலும் தவறானது. துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும். அதற்குள் பிள்ளை மறுபடி புத்தகத்தைத் திறக்க வேண்டும். அவமானத்தில் கூனி, தூக்கமும் பசியும் இழந்த பிள்ளையால் அது எப்படி முடியும்? படித்த முறையில் குறை இருந்தால், நாலு நாள் கழித்துத் தாராளமாகக் கண்டிக்கலாம். முடிவு வரும் அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள், சாப்பிட வையுங்கள். பேச்சில் விரக்தி தெரிந்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி சேவையின் 14416 எண்ணை உடனே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.