சிக்னல் போனா விண்ணப்பமும் போயிடுமா? கல்வராயன் மலைக்கு எது சரி: வெப்சைட்டா, ஆப்பா, பிடபிள்யூஏ-வா?

பிளஸ் 2 ரிசல்ட் வந்துட்டா அடுத்த ஓட்டம் சான்றிதழுக்குத்தான். சாதி, வருமானம், முதல் பட்டதாரி என எல்லாவற்றுக்கும் இப்போ ஆன்லைன் விண்ணப்பம். நல்ல நெட் இருக்கும் ஊரில் அது கொஞ்ச நேர வேலை. மலையில் இருந்து அப்ளை பண்றவருக்கு, பாதி ஃபார்ம் நிரப்பும்போதே சிக்னல் போய், திரும்பி வரும்போது ‘செஷன் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்’ என்று வந்தால்?

இதில் பாதிதான் டவர் பிரச்னை. மீதிப் பாதி, அந்தத் தளம் எந்தத் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்டிருக்கு என்பதில் இருக்கு. விரிவாகப் பார்க்கலாம்.

கல்வராயன் மலையில் ஏன் இது முக்கியம்?

விழுப்புரத்தில் இருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 26-ல் தமிழ்நாட்டின் 34-வது மாவட்டமாக உதயமானது கள்ளக்குறிச்சி. மாவட்டத்தின் மேற்குப் பக்கம் கல்வராயன் மலை. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டமே இருக்கு. இங்கு பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள்.

பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தருபவர் தாசில்தார் கிடையாது, வருவாய் கோட்டாட்சியர். அவருடைய அலுவலகம் மலைக்குக் கீழே, கள்ளக்குறிச்சியில். அதனால் ஒரு ஆன்லைன் விண்ணப்பம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம். போகலைன்னா இரண்டும் நஷ்டம்.

2024 ஜூனில் நடந்த கருணாபுரம் விஷச் சாராய மரணங்களுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மலைக்குச் சாலை வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்றைக்கு அரசு அலுவலகத்துக்குப் போகும் சாலைகளில் ஒன்று, கையில் இருக்கும் போன்.

முதலில் ஒரு குட்டி ஃபிளாஷ்பேக்

ஒரு காலத்தில் இணையதளத்தில் வீடியோ, அனிமேஷன், கேம் எதுவாக இருந்தாலும் அடோபியின் ஃபிளாஷ் வேணும். போட்டிக்கு 2007-ல் மைக்ரோசாஃப்ட் சில்வர்லைட்டைக் கொண்டு வந்தது. இன்னொரு பக்கம் ஜாவா ஆப்லெட். மூன்றுமே பிரவுசருக்கு வெளியே இருந்து ஒட்டவைத்த பிளக்-இன்கள்.

ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமே இல்லை என்று 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். பேட்டரி, வேகம், பாதுகாப்பு எனக் காரணங்களை அடுக்கினார். 2014-ல் எச்டிஎம்எல்5 அதிகாரபூர்வ தரநிலையானது. வீடியோவும் அனிமேஷனும் பிரவுசருக்குள்ளேயே வந்துவிட்டன. 2020 டிசம்பர் 31-ல் ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றது. 2021 அக்டோபரில் சில்வர்லைட்டும் அதே வழியில் போனது.

இதில் கிடைத்த பாடம் ஒன்றுதான். ஒரே கம்பெனியின் பிளக்-இன்னை நம்பிக் கட்டினால், அந்தக் கம்பெனி கடையைச் சாத்தும் நாளில் உங்கள் தளமும் சாத்திக்கொள்ளும்.

சரி, இப்போ என்னென்ன வழி இருக்கு?

1. பழைய பாணி வெப்சைட்: ஒவ்வொரு பக்கத்தையும் சர்வரே தயார் செய்து அனுப்பும். எடை குறைவு, பழைய போனிலும் ஓடும். ஆனால் ‘அடுத்து’ பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சிக்னல் இருந்தாகணும்.

2. ஒற்றைப் பக்க ஆப்: ரியாக்ட், ஆங்குலர், வியூ போன்ற கருவிகளில் கட்டுவது. ஒருமுறை லோடு ஆனால் அதன் பிறகு பக்கம் பக்கமாகக் காத்திருக்க வேண்டாம். சிக்கல் அந்த முதல் முறையில்தான். ஒரு கணக்குப் போடுவோம். விநாடிக்கு 100 கிலோபிட் வேகம்தான் கிடைக்குதுன்னு வைத்துக்கொண்டால், 2 எம்பி ஜாவாஸ்கிரிப்ட் இறங்கவே 160 விநாடி, அதாவது இரண்டரை நிமிடத்துக்கும் மேல். அதுவரை திரையில் சுற்றும் சக்கரம் மட்டும்தான்.

3. நேட்டிவ் ஆப்: பிளே ஸ்டோரில் இருந்து இறக்குவது. கேமரா, ஜிபிஎஸ் எல்லாம் நன்றாக வேலை செய்யும், சிக்னல் இல்லாமலும் ஓட வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு ஆப் என்றால், 32 ஜிபி போனில் இடம் எங்கே? அப்டேட்டுக்கும் டேட்டா வேணும்.

4. புரோகிரசிவ் வெப் ஆப், சுருக்கமாக பிடபிள்யூஏ: பார்க்க வெப்சைட்தான். ஆனால் ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்ற சிறு நிரல், பக்கத்தைப் போனிலேயே சேமித்து வைக்கும். முதல் தடவை மட்டும் சிக்னல் வேணும். கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போது ஒருமுறை திறந்தால் போதும், மேலே வந்து சிக்னல் இல்லாமலேயே ஃபார்ம் நிரப்பலாம். ஆண்ட்ராய்டு குரோமில், சிக்னல் வந்ததும் தானாக அனுப்பும் வசதியும் உண்டு.

2015-ல் மொபைல் வெப்சைட்டை மூடிவிட்டு ‘ஆப் மட்டும்தான்’ என்று சொன்ன ஃபிளிப்கார்ட், அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்ற பிடபிள்யூஏ-வோடு பிரவுசருக்கே திரும்பியது.

அப்போ பிடபிள்யூஏ போட்டா முடிஞ்சுதா?

முடியாது. ஐபோனின் சஃபாரி பிரவுசர், ஒரு தளத்தைத் திறக்காமல் அதைப் பயன்படுத்திய நாட்கள் ஏழு கடந்தால், அது சேமித்ததை அழித்துவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்திருந்தால் மட்டும் தப்பிக்கும். வீட்டுக்கே ஒரு போன் என்றால், சேமித்த விவரத்தை அடுத்தவர் பார்க்கும் ஆபத்தும் இருக்கு.

ஆஃப்லைன் வசதி இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. 100 நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் என்எம்எம்எஸ் ஆப்பில் தினமும் இரண்டு முறை போட்டோவுடன் வருகைப் பதிவு கட்டாயமானது. சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்து, பிறகு அனுப்பலாம் என்று அரசு விளக்கியது. ஆனாலும் பதிவு ஏறாததால் கூலி போச்சு என்று பல மாநிலங்களில் தொழிலாளர்கள் புகார் சொன்னார்கள். ‘ஏறலைன்னா என்ன செய்வது’ என்பதற்கு ஆப்பிலும் அலுவலகத்திலும் பதில் இருக்கணும்.

அதனால் எதில் கட்டினாலும் மூன்று விஷயம் முக்கியம்.

• போட்டோவைப் போனிலேயே சுருக்கணும். மேலே சொன்ன அதே வேகத்தில் 4 எம்பி போட்டோ ஏற 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். 200 கேபி-யாகச் சுருக்கினால் 16 விநாடி. இதைப் பிரவுசரே செய்யும், கம்ப்யூட்டர் சென்டருக்குப் போக வேண்டாம்.

• நிரப்பியது ஒவ்வொரு கட்டத்திலும் தானாகச் சேமிக்கப்படணும்.

• ஓடிபி-யை முதலில் கேட்காமல், அனுப்பும் நேரத்தில் கேட்கணும். இல்லைன்னா சிக்னல் தேடி அலைவதற்குள் ஓடிபி காலாவதி.

டவர் வந்துட்டா இதெல்லாம் தேவையா?

இணைப்பே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டு போக 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. அந்த மாதிரி டவர்கள் அவசியம். ஆனால் மலை வளைவும், கரண்ட் கட்டும், மழையும் டவர் வந்த பிறகும் இருக்கும். டவர் நிற்க ஆண்டுகள் ஆகலாம். ஃபார்மைத் திருத்த அவ்வளவு காலம் தேவையில்லை.

நீங்களே சோதிக்கலாம்

அடுத்த முறை ஒரு விண்ணப்பத் தளத்தைத் திறந்ததும், பாதி நிரப்பிவிட்டு ஃபிளைட் மோடு போடுங்க. ஒரு நிமிஷம் கழித்து எடுத்துவிட்டுப் பாருங்க. நீங்க எழுதியது அப்படியே இருந்தால், மலையில் இருப்பவர்களையும் நினைத்துக் கட்டிய தளம் அது. எல்லாம் காணாமல் போனால், எத்தனை அழகான டிசைனாக இருந்தாலும் வெள்ளிமலைக்கு அது உதவாது.