காதைப் பொத்தும் பிள்ளையை ஏசாதீர்கள், சத்தத்தைக் குறையுங்கள்

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி உறவுகள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறோம்.

பட்டாசு வெடித்தால், ஒலிபெருக்கி அலறினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழும் பிள்ளைகள் எல்லா முன்பள்ளியிலும் இருக்கிறார்கள். "பயந்தாங்கொள்ளி", "செல்லம் கூடிப்போச்சு" என்று ஏசுகிறார்கள். சிலர் ஓதிப்பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். ஓதுங்கள், துஆ செய்யுங்கள். ஆனால் காதைப் பரிசோதிக்காமல் அதோடு நிறுத்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். சத்தத்துக்குப் பயப்படுகிற பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று நினைப்பதும் பிழை. கேள்விக் குறைபாடு உள்ள சில பிள்ளைகளுக்கும் பெரிய சத்தம் தாங்க முடியாது.

பிள்ளை பேச்சைக் காதால்தான் கற்கிறது. தாயின் வயிற்றில் ஆறு மாதம் கடக்கும்போதே சத்தம் கேட்கிறது. பிறந்த குழந்தைக்குத் தாயின் குரல் தெரியும். முதல் வருடத்துக்குள்ளேயே தாய்மொழியின் ஒலிகளுக்குக் காது பழகத் தொடங்கிவிடுகிறது. புலி, புளி, மனம், மணம், அரை, அறை. இந்தச் சிறு வித்தியாசங்கள் இரைச்சலுக்குள் அடிபட்டுப்போகும். பெரியவர்களுக்குப் பாதி காதில் விழுந்தால் போதும், மீதியை அனுபவத்தால் நிரப்பிக்கொள்வோம். சொல்லே தெரியாத பிள்ளை எதைக்கொண்டு நிரப்பும்?

வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999 இலேயே சொல்லிவிட்டது. ஒருவர் சாதாரணமாகக் கதைக்கும் குரலே 60 டெசிபல் அளவு வரும். தகரக் கூரை, அரைச்சுவர், ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று வகுப்பு, பக்கத்தில் வீதி. இதற்குள் இருந்துகொண்டு "பிள்ளைக்கு உச்சரிப்பு வரவில்லை" என்று யாரைக் குறை சொல்வது?

"நாங்கள் ஷெல் சத்தத்துக்குள் வளரவில்லையா, இதுகளும் பழகட்டும்" என்கிறார்கள். 1990 இல் விரட்டப்பட்டு புத்தளத்தில் வளர்ந்து திரும்பியவர்களும், 2009 இல் பதுங்குகுழிக்குள் கிடந்த பிள்ளைகளும் இன்று இந்த மண்ணில் தாய் தகப்பன்மார். பட்டாசுச் சத்தத்துக்கு இன்றைக்கும் திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் நம் ஊர்களில் இல்லையா? அது பழகினதன் அடையாளமா?

சட்டமும் இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் சொன்னது. அது வெலிகமப் பள்ளிவாயல் ஒன்றின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கு. கோயில் திருவிழா, சேர்ச், கலியாண வீடு, தேர்தல் மேடை எல்லோருக்கும் பொறுப்பு உண்டுதான். ஆனாலும் அடுத்தவரைக் கேட்க முதல் நம் வாசலில் தொடங்குவோம். அதானை நிறுத்தச் சொல்லவில்லை. அதான் சில நிமிடம். மணிக்கணக்காக நடக்கும் பயான் வெளி ஒலிபெருக்கியில் எதற்கு? உள்ளே இருப்பவர்களுக்கு உள்ளே கேட்டால் போதாதா?

தொழுகையில் ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டால், தாய் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கியவர் நம் நபி (ஸல்). அவர் உம்மத் ஒலிபெருக்கியின் குமிழைக் கொஞ்சம் திருகக் கூடாதா?

பெற்றோரே, பிள்ளையோடு கதைக்கும்போது டீவியையும் போனையும் நிறுத்துங்கள். முகத்தைப் பார்த்துக் கதையுங்கள். ஒரு வயது தாண்டியும் ஒரு சொல் வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்க்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த கிளினிக்கிலேயே குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி, காதைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

ஜமாஅத்தார், முன்பள்ளி நிர்வாகத்தார் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். காசு செலவில்லாத வேலை இது.